போனில் நான் சொன்ன சரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் இங்கே நலம்தான், வலது முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. நீயும் ரொட்டிக் கடையில் வேலை பார்க்கும் அந்தப் பையனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிப் பேனாவை எடுத்திருக்கிறேன். (மாப்பிள்ளை என்று எழுத இன்னும் கை கூசுகிறது, கல்யாணம் முடியட்டும், தாராளமாக எழுதுகிறேன்.) கைக்குள் போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். போனில் நீ ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தாலே முடிப்பதற்குள் நான் சரி என்று சொல்லிவிடுகிறேன், அது என் வாய்க்குப் பழகிப்போன நோய். காகிதத்தில் அந்த வசதி இல்லை. நீ எதிரில் இல்லாததால் நான் நினைத்ததைக் கடைசி வரைக்கும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வீட்டில் விசேஷமாக ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது, குழாய்க்காரர் இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்று என்னோடு பிள்ளை விளையாட்டு விளையாடுகிறார். அவர் வந்து சரிசெய்துவிட்டால் வீட்டில் அந்தச் சத்தமும் இருக்காதே என்று எனக்கே ஒரு நினைப்பு வருகிறது, பார்த்துக்கொள், நிலைமை அப்படி. ஒரு ஆளுக்குச் சமைக்க எனக்கு இன்னும் வரவில்லை. பாத்திரம் பெரிதாக இருக்கிறதா, கை பெரிதாக இருக்கிறதா தெரியவில்லை, எப்போதும் இரண்டு பேருக்கு ஆகிவிடுகிறது, மிச்சத்தை மறுநாள் சாப்பிடுகிறேன். பழசைச் சாப்பிடாதீங்கன்னு சொன்னேன்ல என்று நீ கத்துவது இங்கே வரைக்கும் கேட்கிறது. உன் அத்தை தன் மகன் வீட்டோடு போய்விட்ட பிறகு வாரக் கடைசியில் வந்துபோக ஆள் இல்லை. பணிமனையில் என்னோடு வேலை பார்த்தவர்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். காலையில் எழுந்து சட்டை இஸ்திரி போடுகிறேன், போட்ட பிறகுதான் எங்கே போவதற்கு என்று யோசிக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு நர்ஸ் அக்காவின் மகன் கல்யாணத்துக்குப் போய்வந்ததைப் போனில் சொன்னேன் அல்லவா, நல்ல கூட்டம், நல்ல சாப்பாடு என்று அளந்தேன். அது பாதிதான். மீதியையும் கேள். நீ வேலைக்காக ஊரை விட்டு வெளிநாடு போன பிறகு நான் போன முதல் கல்யாணம் அது. இத்தனை நாளும் முழங்காலைக் காட்டித் தப்பித்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் அக்கா விடவில்லை, மேல்மாடியிலேர்ந்து கீழ இறங்கத் தெரிஞ்ச காலுக்கு மண்டபத்துக்கு வரத் தெரியாதா என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் உனக்கே தெரியும், நீ அம்மை போட்டுப் படுத்தபோது வேலைக்குப் போகாமல் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். ஆகவே பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்து உதறினேன். வெள்ளைச் சட்டையைப் போட்டேன். இடது கைப் பொத்தானை வலது கை போட்டுவிட்டது. வலது கைப் பொத்தானை இடது கையால் போட வரவில்லை. விரல்களெல்லாம் முன்னைப் போல் இல்லை, பேருந்து சீட்டு தைத்துத் தைத்து மடங்கிப்போய்விட்டன. பொத்தான் ஓட்டைக்குள் பாதி போவதும் வழுக்கி வெளியே வருவதுமாக எனக்கு வேர்த்துவிட்டது. சின்ன வயதில் முக்காலியின் மேல் ஏறி நின்று நீதானே அதைப் போட்டுவிடுவாய். கடைசியில் கோட்டுக் கைக்குள் அதை மறைத்துக்கொண்டு போனேன். மண்டபத்தில் யாருக்காவது கை கொடுக்கும்போதெல்லாம் அது வெளியே வந்து பல்லை இளித்தது.

அங்கே எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு கடிகாரக் கடைக்காரர், மனைவியோடு வந்திருந்தார், தனியாவா வந்தீங்க என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தக் கேள்வி சாதாரணக் கேள்விதான், அவர் மேல் குற்றம் இல்லை. ஆனால் அவர் கேட்ட பிறகு நான் சாப்பிடக்கூடப் போகவில்லை, பாப்பா. நல்ல சாப்பாடு என்று உன்னிடம் சொன்னது வாசனையை வைத்துச் சொன்னது. வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உனக்குப் போன் போட்டேன்.

அப்போதுதான் நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். எப்படிப்பா இன்னும் கல்யாணம் கல்யாணமா போறீங்க, எனக்கு அப்பவே ஒரு கல்யாணமும் பிடிக்காது, உங்களுக்காகத்தான் வந்தேன் என்றாய். அதே மூச்சில், அதனாலதான்பா எங்க கல்யாணத்துல அந்தக் கூத்தெல்லாம் வேணாம்னு வச்சிருக்கோம், பதிவு அலுவலகத்துல போய்க் கையெழுத்து போட்டுட்டு மத்தியானம் வேலைக்குப் போயிருவோம், நீங்க இந்தக் காலை வச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் அலைய வேணாம், போன்ல பாத்துக்குங்க என்றாய். நான் சரிம்மா என்றேன். வழக்கம்போல.

போனை வைத்த பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. கல்யாணம் பிடிக்காது என்று நீ சொன்னதைத்தான் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கவுன் ஞாபகம் வந்தது. அந்த ரோஸ் நிற வலைத்துணிக் கவுன். முனைக்கடைத் தையற்காரர், வளர்ற பிள்ளை சார், கொஞ்சம் தாராளமா தைக்கிறேன் என்று சொல்லித் தைத்தது. முதல் வருஷம் அதைப் போட்டுக்கொண்டு நீ நடந்தால் மண்டபத்தைப் பெருக்க ஆள் வேண்டியதில்லை. அப்புறம் நீ வளர்ந்தாய், அது வளரவில்லை, அடியில் பட்டை பட்டையாகத் துணி வைத்து நானே நீட்டினேன். இடுப்பில் வலை குத்துகிறது என்று நீ ஒரு தடவை சொன்னதும் நான் செய்த கெட்டிக்காரத்தனம் நினைவிருக்கிறதா? பேருந்து சீட்டுக்கு வைக்கிற மெல்லிய ஸ்பாஞ்சை வெட்டி உள்பக்கம் சுற்றிவரத் தைத்துவிட்டேன். குத்துவது நின்றது, குனிவதும் நின்றது. நீ நின்றாலும் உன் கவுன் உட்கார்ந்தே இருந்தது. நர்ஸ் அக்கா பார்த்துவிட்டு, என்ன சார், பிள்ளைக்கு உடுப்பு தைச்சீங்களா, இல்ல பிள்ளையையே சீட்டாத் தைச்சுட்டீங்களா என்று கேட்டார்.

முதுகில் கொக்கி நிற்காது. ஒவ்வொரு கல்யாணத்திலும் பாதியில் ஒன்று தெறிக்கும். அதனால் கொக்கியே வேண்டாம் என்று முடிவு செய்து, உனக்கு மாட்டிவிட்ட பிறகு, மூச்சை இழுத்துப் பிடி பாப்பா என்று சொல்லி, சீட்டுத் தைக்கிற கெட்டி நூலால் முதுகை மேலிருந்து கீழ்வரைக்கும் தைத்தே விடுவேன். ஊசி பட்டுவிடக் கூடாதே என்று எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. நீ ஆடாமல் அசையாமல் நிற்பாய். திரும்பி வந்ததும் கத்தரிக்கோலால் ஒவ்வொரு தையலாக வெட்டித்தான் உன்னை வெளியே எடுக்கவேண்டும். தலை பின்னுகிற நாளில் நர்ஸ் அக்காவுக்கு வேலை இருந்துவிட்டால் அதுவும் என் தலையில். கயிறு முறுக்கிப் பழகிய கை, உன் தலையையும் அந்தக் கணக்கில்தான் முறுக்கும். புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிடும். நீ எதையோ பார்த்து மிரண்டது போலவே எல்லாக் கல்யாணத்துக்கும் போய்வந்தாய். வெள்ளை ஷூ ஒரு அளவு பெரியது, முன்னால் காகிதம் திணித்திருக்கும். இத்தனையும் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை முணுமுணுத்தது கிடையாது நீ. அதைத்தான் நான் ஆசை என்று நினைத்தேன்.

தைத்து முடித்ததும் நீ போய்க் கண்ணாடி முன்னால் நின்றுகொள்வாய், ரொம்ப நேரம் நிற்பாய். அழகு பார்க்கிறாள், தாயில்லாப் பிள்ளைக்கு இந்த ஒரு சந்தோஷமாவது இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன். அதற்காகத்தான் யார் பத்திரிகை கொடுத்தாலும், பணிமனையில் முகம் மட்டும் தெரிந்த டிரைவர் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும், உன்னைக் கிளப்பிக்கொண்டு போனேன். ஆனால் அதே போனில் நீ என்ன சொன்னாய்? நான் கண்ணாடி முன்னாடி நின்னது உங்களைப் பாக்கத்தான்பா, நீங்க பின்னால உக்காந்து விசில் அடிச்சுக்கிட்டே ஷூ துடைப்பீங்க, மத்த நாள்ல நீங்க விசில் அடிச்சு நான் கேட்டதே இல்ல, அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கே, நாம எப்படி வரலைன்னு சொல்றதுன்னு இருந்துருவேன் என்றாய்.

அம்மாடி, நான் விசில் அடித்தது உனக்குத் தெரியாமல் இருப்பதற்காக. எனக்குக் கல்யாணம் என்றாலே ஆகாது. அந்த மண்டபங்களில் எல்லோரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்பார்கள், நான் கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே உன்னை மடியில் வைத்துக்கொண்டு, மடியில் என்ன மடியில், அந்த ஸ்பாஞ்சுக் கவுனோடு மடியில் எங்கே கொள்வாய், பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆண்கள் வந்தால், இன்னும் வயசிருக்கு, ஒரு துணையைத் தேடிக்கக் கூடாதா என்பார்கள். பெண்கள் வந்தால் உன் தலையைத் தடவி உச்சுக் கொட்டுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. கிளம்பும்போதே எனக்கு அதெல்லாம் காதில் கேட்க ஆரம்பித்துவிடும். முகம் தொங்கினால் குழந்தை கண்டுபிடித்துவிடுவாளே என்றுதான் அந்த விசில். எனக்கு ராகமும் தெரியாது, வெறும் காற்று.

இன்னொன்றும் உனக்குச் சொல்லவேண்டும். டை கட்டுகிற கோலத்தைச் சொல்கிறேன். அந்த நீல டையின் முடிச்சு உன் அம்மா போட்டது. டெலிபோன் ஆபீசில் அவளோடு வேலை பார்த்தவருடைய கல்யாணத்துக்குப் போனபோது போட்டுவிட்டாள், அதற்கடுத்த மாதம் அவள் இல்லை. எனக்கு முடிச்சுப் போடத் தெரியாது என்பதும் உண்மை, தெரிந்திருந்தாலும் அவிழ்த்திருக்க மாட்டேன் என்பதும் உண்மை. நீ முக்காலியில் நின்று அதைத் தளர்த்தி என் தலை வழியாக மாட்டுவாய், காதில் இடிக்காமல் மெதுவாக இறக்குவாய். ஒருநாள்கூட நீ அந்த முடிச்சை அவிழ்த்ததில்லை. யாரும் உனக்குச் சொல்லவில்லை, உனக்குத் தானாகவே தெரிந்திருந்தது.

அதேபோல் ஒரு கல்யாணத்தில் பெரிய குரல் அம்மாள் ஒருத்தி உன்னைப் பிடித்துக்கொண்டு, அம்மா எங்க பாப்பா, வரலையா என்று கேட்டாள். நான் சாப்பாட்டுத் தட்டோடு பின்னால் நின்றிருந்தேன், நீ என்னைப் பார்க்கவில்லை. வேலைக்குப் போயிருக்காங்க என்றாய், கொஞ்சமும் தடுமாறாமல். அவள் போன பிறகு நான் வந்ததும், அப்பா இங்க காத்து நல்லா வருது என்று வேறு பேச்சு பேசினாய். நான் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு யாராவது என்னிடம் கேட்டால் நானும் வேலைக்குப் போயிருக்கா என்றே சொல்லிவந்தேன். உன் பேச்சு பொய்யாகிவிடக் கூடாது என்றுதான். இதை இத்தனை வருஷத்தில் நாம் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டதில்லை. எனக்கு வலிக்கும் என்று நீ சொல்லவில்லை, உனக்கு வலிக்கும் என்று நான் சொல்லவில்லை.

ஆகமொத்தம் என்ன நடந்திருக்கிறது, பார். கல்யாணமே பிடிக்காத இரண்டு பேர், ஒருவருக்காக ஒருவர், ஊரில் உள்ள கல்யாணம் பூராவுக்கும் உடுத்திக்கொண்டு போயிருக்கிறோம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நம் வீட்டில் இருந்த இரண்டு பேரும் அழாத பிள்ளைகள். முதலில் நினைத்துச் சிரித்தேன். இஸ்திரி மேசைக்கு முன்னால் தனியாக நின்று சத்தமாகவே சிரித்தேன். சிரித்து முடிந்ததும் வீடு அமைதியாகிவிட்டது, அப்போதுதான் பயம் வந்தது. நீ வேணாம்பா என்றதும் நான் சரிம்மா என்றதும் மறுபடியும் அதே வேலைதானே?

அதனால் இதை எழுதுகிறேன். போனில் நான் சொன்ன சரி, சரி இல்லை. அதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உன் கல்யாணத்துக்கு நான் வரவேண்டும். எனக்கு ஆசையாக இருக்கிறது. நீ கையெழுத்து போடுகிற அந்த அறையில் ஒரு ஓரத்தில் நான் நிற்கவேண்டும். ஆடம்பரம் கேட்கவில்லை, உனக்குக் கவுனும் தைக்கமாட்டேன், பயப்படாதே. நீ வேலைக்குப் போகிற உடுப்பிலேயே வா. அந்தப் பையன் கையில் மாவோடு வந்தாலும் எனக்குச் சம்மதம். முழங்காலைப் பற்றி நீ கவலைப்படாதே, அது முப்பது வருஷம் பேருந்துக்குள் மண்டி போட்ட கால், விமானத்தில் சும்மா உட்கார்ந்து வருவதா அதற்குக் கஷ்டம்? படி ஏறத்தான் கொஞ்சம் முனகும். தனியாக இருந்து இருந்து நான் யாருக்கும் தொந்தரவு இல்லாத மனுஷன் ஆகிவிட்டேன், பாப்பா. அது நல்ல பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது, தொந்தரவே இல்லாதவனை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

நேற்று பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனேன். ஆமாம், உன்னைக் கேட்காமல்தான். கடைக்காரர் எதுக்கு சார் இந்த வயசுல பாஸ்போர்ட் என்றார். என் பொண்ணுக்குக் கல்யாணம் என்றேன். அந்த வார்த்தையை வாய்விட்டு ஒரு ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்புறம் அவர் பாடு திண்டாட்டம். சிரிக்காதீங்க சார், சிரிச்சா ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க என்று சொல்லிப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டால் கன்னம் சிரிக்கிறது என்றார், கடைசியில் வேறு எதையாவது நினைச்சுக்குங்க சார் என்று கெஞ்சினார். குழாய்க்காரரை நினைத்துக்கொண்டேன், படம் சரியாக வந்தது.

கண்ணாடிக் கடை வேலையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதே, வியாபாரம் இல்லாத நேரத்தில் உட்கார். காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, ரொட்டிக் கடைக்காரனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் பட்டினி கிடந்தால் ஊர் சிரிக்கும். அந்தப் பையன் விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போகிறவன், தூக்கக் கலக்கத்தில் அவன் சொல்வதையெல்லாம் வழக்காக எடுத்துக்கொள்ளாதே. ஒன்று மட்டும் இரண்டு பேருக்கும் சொல்கிறேன். அவனுக்குப் பிடிக்கும் என்று நீயும், உனக்குப் பிடிக்கும் என்று அவனும், கேட்காமலே எதையும் செய்துகொண்டு வருஷக்கணக்கில் ஓட்டாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள். என்னிடமிருந்து நீ இந்த ஒரு குணத்தை எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

நீயும் அவனும் நோய்நொடி இல்லாமல், மனம் கோணாமல், நிறைந்து வாழவேண்டும். உன் அம்மா இருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பாள், அவளுக்கும் சேர்த்து நானே சொல்லிவிட்டேன்.

மறந்துவிடாதே, இதற்குப் பதில் வேண்டும். அப்பாவுக்கு அலைச்சல், அப்பாவுக்குக் கால் வலி என்று எழுதாதே, அந்தக் கணக்கெல்லாம் எனக்கே தெரியும். உன் பக்கத்தில் நான் இருக்கவேண்டுமா வேண்டாமா, அதை மட்டும் சொல். வேண்டாம் என்றாலும் தாங்கிக்கொள்வேன், ஆனால் அதை உனக்காகச் சொல், எனக்காகச் சொல்லாதே.

ஆசையோடு,
உன் அப்பா